ஃப்ளோட் யார் வீட்டுச் சொத்து?

திருப்பூரைப் பத்தி யார் மேடையில பேசினாலும் ஒரு வாக்கியம் தவறாம வந்துடும். "நம்ம ஊர்ல உழைப்பு இருக்கு, திட்டமிடல் தான் இல்லை." அடுத்த ஸ்லைடுல ஒரு மென்பொருளோட படம். கலர் கலரா, பட்டை பட்டையா கோடு. இதை வாங்கிப் போட்டுட்டா ஷிப்மெண்ட் லேட் ஆகாது, விமானத்துல அனுப்பி நஷ்டப்பட வேண்டாம், எல்லாம் சுபம். கேக்கறவங்களும் தலையாட்டிட்டு டீ, போண்டா பக்கம் நகர்ந்துடுவாங்க.

அந்த வாக்கியம் பொய். அதைச் சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

திருப்பூருக்குத் திட்டமிடத் தெரியும். ஏற்றுமதி பண்ற எந்த பனியன் கம்பெனியில வேணும்னாலும் மெர்ச்சண்டைசர் கம்ப்யூட்டரைப் பாருங்க. 'டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர்'னு ஒண்ணு திறந்தே இருக்கும். சின்ன கம்பெனின்னா எக்செல், பெரிய கம்பெனின்னா ஈ.ஆர்.பி. பேச்சு வழக்குல அதுக்கு டி.என்.ஏ.ன்னு பேர். (ரத்தத்துல ஓடற டி.என்.ஏ. இல்லைங்க. ஆனா மெர்ச்சண்டைசர்களைக் கேட்டா ரெண்டும் ஒண்ணு தான்னு சொல்வாங்க!) நூல் எப்ப வரணும், சாயம் எப்ப முடியணும், பட்டன் எப்ப இறங்கணும், பெட்டி எப்ப ஒட்டணும்னு எல்லாத்துக்கும் தேதி போட்டிருக்கும். திட்டம் இல்லைன்னு இதைப் பாத்த யாரும் சொல்ல மாட்டாங்க.

பிரச்சனை வேற. அந்தத் திட்டத்துல யாரோட நேரத்துக்கு மதிப்பு இருக்கு, யாரோட நேரம் ஓசி? அது தான் கேள்வி.

எனக்கு மென்பொருள் மேல கோபம் இல்லை. அதுல இருக்கற சொற்களை ஒழுங்காப் படிச்சா அது உழைக்கிறவன் பக்கம் நிக்கற சரக்குன்னு கூட சொல்லலாம். ஆனா நம்ம ஊர்ல அதை வாங்கி, முக்கியமான மூணு சொல்லை மட்டும் அணைச்சு வெச்சுட்டு மிச்சத்தை ஓட்டறாங்க. ஃப்ளோட், பேஸ்லைன், ரிசோர்ஸ். இந்த மூணையும் ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

முதல்ல ஒரு ஆர்டர்

கணக்குக்காக ஒரு கற்பனை ஆர்டர். 90 நாள்ல ஒரு டி-ஷர்ட் ஆர்டரை முடிச்சு கப்பல் ஏத்தணும். சுலபமா இருக்கட்டும்னு எல்லாமே வேலை நாளுன்னு எடுத்துக்குங்க.

நூல் வாங்க 10 நாள், நிட்டிங் ஓட்ட 12 நாள். ஆக 22.

அதே நேரத்துல இன்னொரு பக்கம் லேப் டிப். அதாவது பையர் கேட்ட கலர்ல சின்னச் சின்ன துணித் துண்டுக்கு சாயம் ஏத்தி, "இந்த கலர் ஓகேவா?"ன்னு அனுப்பறது. அதுக்கு 7 நாள். பையர் பாத்து ஓகே சொல்ல 7 நாள். ஆக 14.

துணியும் ரெடி, கலரும் ஓகேன்னா சாயப்பட்டறைக்குப் போகும். சாயம், காம்பாக்டிங் எல்லாம் சேத்து 14 நாள். ஆச்சு 36. அந்தத் துணியில பி.பி. சாம்பிள் (பெரிய அளவுல தைக்கறதுக்கு முன்னாடி காட்டற கடைசி மாதிரி) தைக்க 5 நாள், பையர் ஓகே சொல்ல 7 நாள். ஆச்சு 48. அதுக்கப்பறம் தான் கத்திரி வைக்க முடியும். கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மொத்தமா 34 நாள். ஆச்சு 82. கடைசி இன்ஸ்பெக்‌ஷன் 2 நாள், தூத்துக்குடி போய் கப்பல் ஏற 6 நாள். 90. முடிஞ்சுது.

இப்ப மென்பொருள் பாஷைக்கு வருவோம். மேல இருக்கற ஒவ்வொரு வரியும் ஒரு டாஸ்க். எது முடிஞ்சா எது தொடங்கும்ங்கறது டிபெண்டன்சி. சாயத்துக்கு முன்னாடி நிட்டிங் முடியணும், அதனால நிட்டிங் அதுக்கு ப்ரெடிசஸர். "பி.பி. ஓகே ஆச்சு", "கப்பல் ஏறிச்சு" மாதிரி, வேலையா இல்லாம அடையாளமா மட்டும் நிக்கற தேதிகள் மைல்ஸ்டோன், வழியில நடற மைல்கல் தான். தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் போற பாதைகள்லயே நீளமான பாதை கிரிட்டிக்கல் பாத். அதுல ஒரு நாள் லேட் ஆனா மொத்தமும் ஒரு நாள் லேட்.

இங்க கிரிட்டிக்கல் பாத் நூல், நிட்டிங் வழியாப் போகுது. லேப் டிப் பாதை 14 நாள் தான், ஆனா சாயம் 22ஆம் நாள் முடிஞ்ச பிறகு தான் தொடங்கும். நடுவுல 8 நாள் சும்மா கிடக்கு. அந்த 8 நாள் தான் ஃப்ளோட்.

பி.காம்ல பெர்ட், சி.பி.எம். கணக்கு போட்டவங்களுக்கு இது தெரியும். வட்டம் போட்டு, அம்பு போட்டு, கடைசியாத் தொடங்கலாம்ங்கற தேதியில இருந்து முதல்ல தொடங்கலாம்ங்கற தேதியைக் கழிச்சா ஃப்ளோட் வந்துடும். முழு மார்க். ஆனா அந்த ஃப்ளோட் யாருக்குச் சொந்தம்னு எந்த வினாத்தாளும் கேக்காது. திருப்பூர்ல அது தான் முதல் கேள்வியா இருக்கணும்.

ஊரார் வீட்டு நெய்

பையர் ஊர்ல டிசைனர் லீவு. இல்லைன்னா "டீம்ல டிஸ்கஸ் பண்ணிட்டு சொல்றோம்". 7 நாள்ல வர வேண்டிய ஓகே 21 நாள் கழிச்சு வருது. 14 நாள் தாமதம். அதுல 8 நாளை ஃப்ளோட் முழுங்கிடுச்சு. யாருக்கும் வலிக்கலை, யாரும் எழுதி வெக்கலை. மிச்ச 6 நாள் கிரிட்டிக்கல் பாதையில விழுது. சாயம் 22க்குப் பதிலா 28 முடிஞ்சு தான் தொடங்குது.

அப்பறம் பி.பி. சாம்பிள். 7 நாள்ல வர வேண்டிய ஓகே 13 நாள்ல. இன்னொரு 6. மொத்தம் 12 நாள் போச்சு.

கப்பல் தேதி நகருமா? நகராது. எல்.சி.யில 'லேட்டஸ்ட் ஷிப்மெண்ட் டேட்'னு ஒண்ணு அடிச்சிருக்கும். அதைத் தாண்டி ஒரு நாள் போனாலும் டிஸ்கிரிபன்சி, பேங்க் பணம் தர மறுக்கலாம். மென்பொருள்ல இதுக்கு 'மஸ்ட் ஃபினிஷ் ஆன்'னு ஒரு கட்டுப்பாடு உண்டு. பையர் பக்கம் இருந்து வர்ற தேதி இழுத்தா இழுபடும் ரப்பர். நம்ம பக்கம் இருந்து போற தேதி இரும்பு.

ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சொல்வாங்க. நெய் நம்மளது, கை அவங்களது.

சரி, அந்த 12 நாள் எங்க போய் இறங்கும்? சாயத்துல குறைக்க முடியாது, துணி பாழாயிடும். இன்ஸ்பெக்‌ஷன்ல குறைக்க முடியாது, அது பையரோட ஆள். லாரியும் கப்பலும் நம்ம பேச்சைக் கேக்காது. மிச்சம் இருக்கறது அந்த 34 நாள் மட்டும் தான். அது 22 ஆகுது.

34 நாளை 8 மணி நேரத்தால பெருக்கினா 272 மணி நேரம். 272ஐ 22ஆல வகுத்தா நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல. திருப்பூர்க்காரங்களுக்கு இந்த 12 ரொம்பப் பழக்கமான நம்பர். இதுக்கு நம்ம ஊர்ல பேரே இருக்கு: ஒன்றரை ஷிப்ட். 22 நாள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினா 264 மணி நேரம். இன்னும் 8 மணி நேரம் பாக்கி. அது கடைசி வாரத்துல ஒரு நாள் விடிய விடிய.

ஒன்றரை ஷிப்ட் நம்ம ஊர் வழக்கம், உழைக்கிற ஊர், ஆட்களே கேட்டு வாங்கறாங்கன்னு பெருமையாச் சொல்வாங்க. ஆட்கள் கேக்கறது உண்மை தான், 8 மணி நேரக் கூலியில வீட்டு வாடகை கட்டி முடியாதுல்ல. ஆனா இந்தக் கணக்குல அந்த 12 மணி நேரம் வழக்கத்துல இருந்து வரலை. எங்கயோ ஒரு ஆபீஸ்ல பதில் போடாம கிடந்த ரெண்டு மெயில்ல இருந்து வந்தது.

கூலிக் கணக்கையும் போட்டுடலாம், காமர்ஸ் படிச்ச பாவத்துக்கு. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல போற ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலின்னு 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லுச்சு. 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் மிகை நேரத்துக்கு இரட்டிப்பு தான். அப்படின்னா 12 மணி நேரத்துக்கு 8ம், 4ம் ரெண்டு தடவையும். 16. அதாவது ரெண்டு ஷிப்ட் கூலி. 'ஒன்றரை'ங்கற பேர்லயே அரை ஷிப்ட் காணாமப் போயிருக்கு பாத்தீங்களா? 22 நாளுக்கு ஒரு ஆளுக்கு 11 ஷிப்ட் கூலி. அந்த ரெண்டு மெயிலோட விலை அது. கட்டினது ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருக்கற டெய்லரும், பிசிறு வெட்டற அக்காவும்.

இந்தக் கணக்கு எதுக்காகக் கண்டுபிடிச்சாங்க?

எனக்கு எரிச்சல் வர்றது இந்த இடத்துல தான். கிரிட்டிக்கல் பாத் முறை 1957ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனிக்காக மோர்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி ரெண்டு பேரும் உருவாக்கினது. அடுத்த வருஷமே அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையைக் கொண்டு வந்துச்சு. கெமிக்கல் பிளாண்ட் கட்டறது, பராமரிப்புக்காக நிறுத்தி ஓட்டறது, இதெல்லாம் தான் டூபாண்ட் கவலை. அவங்க கண்டுபிடிச்ச விஷயத்தோட சாரம் இது தான்: வேலை லேட் ஆச்சுன்னா எல்லாரையும் ஓவர்டைம் போட வெக்கறது வீண். எந்த வேலை கிரிட்டிக்கலோ அதை மட்டும் முடுக்கினாப் போதும். அப்படி முடுக்கறதுக்கு கிராஷிங்னு பேர், அதுக்கு ஆகற கூடுதல் செலவு கிராஷ் காஸ்ட்.

அதாவது, கண்ணை மூடிட்டு எல்லாருக்கும் ஓவர்டைம் போடறதைத் தடுக்கறதும் இந்தக் கருவி பொறந்ததுக்கு ஒரு காரணம். திருப்பூர்ல அதையே வெச்சு ஓவர்டைமை நியாயப்படுத்தறோம். "சிஸ்டம்ல ரெட்ல காட்டுது, இன்னைக்கு நைட் ஓட்டுங்க."

பாடப்புத்தகக் கணக்குல ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு செலவு கொடுத்திருப்பாங்க, சாதாரணச் செலவு, கிராஷ் செலவு. எதை முடுக்கினா மலிவுன்னு பாத்து முடுக்கணும். நம்ம டி.என்.ஏ.வுல கிராஷ் செலவுன்னு ஒரு காலமே கிடையாது. ஏன் கிடையாதுன்னா, அந்தச் செலவைத் திட்டம் போடறவர் கட்டறதில்லை. மத்தவன் பர்ஸுல இருந்து போற காசை யாரும் கணக்கு எழுத மாட்டாங்க.

பேஸ்லைன்: அழிக்கக் கூடாத பக்கம்

ரெண்டாவது சொல் பேஸ்லைன். திட்டம் முதல்ல போட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு அப்படியே உறைய வெக்கற நகல். அப்பறம் நடந்ததை அதோட ஒப்பிட்டுப் பாத்தா எங்க, யாரால, எத்தனை நாள் போச்சுன்னு தெரியும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்ல ஒரு திட்டத்துக்கு 11 பேஸ்லைன் வரைக்கும் சேமிக்கலாம். பதினொண்ணு! நாம ஒண்ணு கூட வெக்கறதில்லை.

ஓகே லேட்டா வந்த அன்னைக்கு என்ன நடக்கும்? எக்செல்ல பழைய தேதியை அழிச்சுட்டு புதுத் தேதியை அடிப்பாங்க. ஃபைல் பேர்ல 'ரிவைஸ்டு', அப்பறம் 'ரிவைஸ்டு ஃபைனல்', அப்பறம் 'ஃபைனல் ஃபைனல்'. 90 நாள் கழிச்சு பாத்தா எல்லா வரியும் பச்சை. சாயம் வரைக்கும் எல்லாரும் 'திருத்தின தேதி'க்குள்ள முடிச்சுட்டாங்க! கடைசியில தையல் மட்டும் சிவப்பு. பேச்சு இப்படிப் போகும்:

"ஏனுங்கண்ணா, பேக்கிங் இன்னும் முடியலீங்களா? பையருக்கு என்ன பதில் சொல்றது நானு?"

"ஆள் வரலீங் மேடம். நாலு லைன்ல ஒண்ணு காலி."

"எப்பப் பாத்தாலும் புரொடக்‌ஷன்ல தான் லேட்டுங்க."

ஆளும் வரலை தான். முந்தின வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டினவர் படுத்துட்டார், அதனால வரலை. ஆனா காகிதத்துல தப்பு செஞ்சது புரொடக்‌ஷன். கருத்தரங்குல "திட்டமிடல் இல்லை"ன்னு பேசறவருக்கு இந்தக் காகிதம் தான் ஆதாரம். அழிச்சு எழுதின கணக்குப் புத்தகத்தை ஆடிட்டர் ஏத்துக்க மாட்டார்னு அக்கவுண்ட்ஸ்ல முதல் வருஷமே சொல்லித் தர்றாங்க. ரூபாய்க்கு இருக்கற அந்த மரியாதை நாளுக்கு ஏன் இல்லை?

ரிசோர்ஸ்: 100 சதவீதத்துக்கு மேல ஆள் கிடையாது

மூணாவது சொல் ரிசோர்ஸ். ஆள், மெஷின், இடம் எல்லாம் அதுல வரும். அதே மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்ல ஒரு நாள்ங்கறது இயல்பாவே 8 மணி நேரம். காலையில 8 மணி முதல் சாயங்காலம் 5 மணி, நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. ஒரு ஆளை அதுக்கு மேல இழுத்தா சிவப்புல ஒரு மனுஷன் படம் காட்டும், ஓவர் அலொகேஷன்னு. மெஷினுக்கே தெரியுது, மனுஷனுக்கு எல்லை உண்டுன்னு.

நம்ம டி.என்.ஏ.வுல ரிசோர்ஸ் கிடையாது. தேதி மட்டும் தான். தேதி போட்டா வேலை நடந்துடும், எத்தனை ஆளுன்னு கேள்வி இல்லை. ரிசோர்ஸைக் கண்டுக்காம தேதி போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இந்த ஊரே சாட்சி. நொய்யல்ல சாயக்கழிவைக் கலக்கக் கூடாது, ஒரு சொட்டு கூட வெளியேறாம சுத்திகரிக்கணும்ங்கற உத்தரவை நிறைவேத்தாததால, 2011 ஜனவரி இறுதியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. நிட்டிங் மெஷின் இருக்கு, தையல் மெஷின் இருக்கு, ஆர்டர் இருக்கு, நடுவுல சாயம் இல்லை. துணியை வெளியூருக்கு அனுப்பி சாயம் போட்டுக் கொண்டு வந்தாங்க. பல வருஷமா ஆத்தோட கொள்ளளவை ஓசியா எடுத்துக்கிட்டு அதை எந்தத் திட்டத்துலயும் எழுதாம விட்டதோட பில் அன்னைக்கு வந்துச்சு. ஆறு ஒரு ரிசோர்ஸ். அதுக்கும் 100 சதவீதம்னு ஒரு எல்லை உண்டு.

மனுஷ உடம்பும் அப்படித்தான். ஆனா அதுக்கு எல்லை போடறதுக்குப் பதிலா எல்லையை நகர்த்தறதுக்குத் தான் யோசனை போகுது. 2023 ஏப்ரல் 21ல தமிழக சட்டசபையில, ஆலைகள்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடற திருத்த மசோதா நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தாங்க. மே 1ஆம் தேதி வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார். நல்லது. ஆனா சட்டத்துல வாபஸ் ஆன 12 மணி நேரம் டி.என்.ஏ.வுல வாபஸ் ஆகலை. அதை யாரும் எழுதவும் இல்லை, அதனால யாரும் அழிக்கவும் முடியலை.

பையரை மட்டும் திட்டினா போதுமா?

போதாது. மேல இருந்து வாங்கின அடியை அப்படியே கீழ இறக்கறதுல நம்ம முதலாளிகளும் கெட்டிக்காரங்க தான். பையர் 12 நாள் எடுத்தா, கம்பெனி சாயப்பட்டறைக்கிட்ட 2 நாள் புடுங்கும், பிரிண்டிங்காரர்கிட்ட 1 நாள், பவர் டேபிள் வெச்சு ஜாப் ஒர்க் பண்றவர்கிட்ட மிச்சம் எல்லாம். அவருக்கு டி.என்.ஏ. காட்டவே மாட்டாங்க. சாயங்காலம் கட்டு இறங்கும், "நாளன்னைக்கு காலையில வேணும்" அவ்வளவு தான்.

அவருக்குப் பணம் எப்ப வரும்? சிறு குறு தொழிலுக்கு எப்படி இழுத்தாலும் 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும், தவறினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, அதுவும் கூட்டு வட்டின்னு 2006ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம் சொல்லுது. சட்டம் இருக்கு. கேட்டா அடுத்த கட்டு வராது. இதுவும் ஃப்ளோட் தான் பாருங்க. அங்க நாளைச் சாப்பிட்டாங்க, இங்க காசை. பெரியவர் லேட் பண்ணலாம், சின்னவர் லேட் பண்ணக் கூடாது. நம்மளை விட வலுவானவங்க நமக்குச் செஞ்சதை நம்மளை விட எளியவங்களுக்குச் செஞ்சுட்டு, பையர் அநியாயம் பண்றார்னு புலம்பறதுல ஒரு நியாயமும் இல்லை.

"பேசினா ஆர்டர் பங்களாதேஷ் போயிடும்"

இதைச் சொல்லாம யாரும் இந்தப் பேச்சை முடிக்க மாட்டாங்க. பயம் நியாயமானது தான். 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப ஒரே ராத்திரியில என்ன நடுக்கம் வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். ஆனா வாயை மூடிட்டு இருந்தா ஆர்டர் தங்கிடும்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?

2020 மார்ச்ல கொரோனா வந்து மேல்நாட்டுக் கடைகள் மூடினப்ப, தச்சு முடிச்ச சரக்கையே வேண்டாம்னு பல பெரிய பையர்கள் கை கழுவினாங்க. அந்த வாயில்லாப் பிள்ளை பங்களாதேஷுக்கும் இதே கதி தான். ஆனா அங்க ஆயத்த ஆடை உற்பத்தியாளர் சங்கம் ஒரு காரியம் பண்ணுச்சு. ஒவ்வொரு ஃபேக்டரிகிட்டயும் எவ்வளவு ரத்து, எவ்வளவு நிறுத்தம்னு கணக்கு வாங்கி, 300 கோடி டாலருக்கு மேலன்னு உலகத்துக்குச் சொல்லுச்சு. பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் அதை எடுத்துகிட்டு, பணத்தைக் கொடுன்னு பிராண்டுகள் பேரைச் சொல்லிக் கேட்டாங்க. அப்பறம் பல பெரிய பிராண்டுகள் முடிஞ்ச சரக்குக்குப் பணம் தர ஒத்துக்கிட்டாங்க. கணக்கு கையில இருந்தவங்களால கேக்க முடிஞ்சுது. பேஸ்லைன் இல்லாதவன் எதை வெச்சுக் கேப்பான்?

அதோட, பையருக்கு ரெண்டு முகம் இருக்கு. ஒரு டிபார்ட்மெண்ட் சோஷியல் ஆடிட்னு ஆள் அனுப்பி "ஏன் ஓவர்டைம் இவ்வளவு?"ன்னு ரெஜிஸ்டரைப் புரட்டும். இன்னொரு டிபார்ட்மெண்ட் 14 நாள் மெயில் போடாம உக்காந்திருக்கும். ஆடிட்டருக்கு முன்னாடி நாம கையைப் பிசைஞ்சுட்டு நிக்கறோம். "உங்க ஓகே 20 நாள் லேட், இந்தாங்க தேதி"ன்னு ஒரு காகிதம் நீட்டினா? அது சண்டை இல்லைங்க. கேட்ட கேள்விக்குப் பதில்.

பெரிய கடைக்காரன் மேல சின்ன சப்ளையர் கேள்வி கேக்கறது உலகத்துல நடக்காததும் இல்லை. பிரிட்டன்ல 2013ல ஒரு சட்டம் போட்டு, சூப்பர்மார்க்கெட்டுகள் சப்ளையர்களை நடத்தற விதத்தைக் கண்காணிக்கத் தனியா ஒரு அதிகாரியையே வெச்சிருக்காங்க. ஒப்பந்தத்தைப் பின்னாடி மாத்தறது, பணத்தை இழுத்தடிக்கறது எல்லாம் அவர் விசாரிக்கலாம். தக்காளிக்கு முடிஞ்சது டி-ஷர்ட்டுக்கு ஏன் முடியாது?

அப்ப என்ன தான் பண்ணணும்?

புதுசா எதுவும் வாங்க வேண்டாம். ஏற்கனவே இருக்கற எக்செல்லே போதும். மூணு வேலை:

1. ஆர்டர் உறுதியான அன்னைக்கு டி.என்.ஏ.வைப் பூட்டி, ரெண்டு தரப்பும் ஓகே சொன்ன நகலா வெக்கணும். அதுக்கப்பறம் தேதியை மாத்தினா பக்கத்துல புதுக் காலம். பழசை அழிக்கக் கூடாது.

2. ஒவ்வொரு தாமத நாளுக்கும் பக்கத்துல ஒரு பேர். பையர், கம்பெனி, சாயம், நூல், கப்பல், யாரா இருந்தாலும் சரி. ஃப்ளோட்ல போன நாளுக்கும் சேத்து. "வலிக்கலையே"ன்னு விட்டுடக் கூடாது. இன்னைக்கு வலிக்காத 8 நாள் தான் நாளைக்கு வலிக்கற 6 நாளுக்கு வழி விட்டுச்சு.

3. தையலுக்கான நாளைத் தொடக் கூடாது. 34ன்னா 34. ஓகே ஒரு நாள் லேட் ஆனா ஷிப்மெண்டும் ஒரு நாள் தள்ளணும். தள்ள முடியாதுன்னா விமானச் செலவோ, இரட்டிப்பு ஓவர்டைம் கூலியோ, லேட் பண்ணினவர் கணக்குல. நாமளே லேட் பண்ணியிருந்தா நம்ம கணக்குல. ஜாப் ஒர்க் கொடுக்கறவருக்கும் இதே விதி.

மூணாவதை ஒரு கம்பெனி தனியாக் கேட்டா நடக்காது, ஒத்துக்கறேன். சங்கம் கேக்கணும். ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990ல இருந்து இருக்கு. நூல் விலை ஏறினா, டிராபேக் குறைஞ்சா, டெல்லி வரைக்கும் போய் கேக்கறாங்க. தொழிலாளர் கூலின்னு வந்தா சங்கங்கள் எல்லாம் ஒண்ணா உக்காந்து தொழிற்சங்கங்களோட ஒப்பந்தம் போடறாங்க. ஒண்ணாச் சேந்து கூலிக்கு விலை பேசத் தெரிஞ்ச ஊருக்கு, ஒண்ணாச் சேந்து நாளுக்கு விலை பேசத் தெரியாதா?

மென்பொருள் விக்கறவங்க அடுத்த தடவை வந்து கலர் பட்டையைக் காட்டினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதுல பையர் லேட் பண்ணினா எந்தக் கலர் வரும்?" பதில் இருந்தா வாங்குங்க. இல்லைன்னா, தையல்காரரை மட்டும் சிவப்புல காட்டற ஒரு படத்துக்கு லட்ச லட்சமா கொட்ட வேண்டியதில்லை. அதை சூப்பர்வைசர் ஓசியிலயே பண்ணிட்டு இருக்கார்.

டிஸ்கி: 90 நாள் கணக்கு விளக்கத்துக்குப் போட்டது, எந்தக் கம்பெனியோட ஆர்டரும் இல்லை. உங்க கம்பெனியோட டி.என்.ஏ.வுல நாளை மாத்திப் போட்டுப் பாருங்க. ஒன்றரை ஷிப்ட் எங்க இருந்து வருதுன்னு தெரியும்.